சாலேம்புரம் ஒரு நூல் சாய்ந்த முப்பது நாட்கள்

மேஜர் தேவசித்தத்தை அடக்கம் செய்த மூன்றாம் நாள், திங்கட்கிழமை காலை, கிறிஸ்தவ ஆலயத்துக்கு அவர் கட்டிய கோபுரத்தை இடிப்பதற்காக ஆறு ஆட்களோடும் இரண்டு ஏணிகளோடும் வந்த இசக்கிமுத்து மேஸ்திரி, எதையும் இடிக்கும் முன் ஒருமுறை அளந்து பார்க்கிற தன் வழக்கப்படி உச்சியிலிருந்து தூக்குக்குண்டை இறக்கிப் பார்த்தபோது, கோபுரம் நேராக இருந்தது.

அது நேராக இல்லை என்பது ஊரறிந்த செய்தி. எழுபத்திரண்டு அடி உயரத்துக்கு நாலரை அங்குலம் மேற்கே சாய்ந்திருந்த அந்தக் கோபுரத்தை நாற்பத்தொரு வருஷமாகச் சாலேம்புரத்துக்காரர்கள் கல்யாணத்துக்கு வந்த விருந்தாளிகளுக்குக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். என்றாவது யார் தலையிலாவது விழும் என்று பயந்து சபைக் கமிட்டி அதை இறக்கிவிடத் தீர்மானம் போட்டு, கட்டியவர் கண்ணெதிரே இடிப்பது முறையல்ல என்று ஒரு கருணை வாக்கியத்தையும் அதில் சேர்த்து வைத்திருக்க, கட்டியவரோ தொண்ணூற்று நாலு வயது வரை சாவகாசமாக இருந்துவிட்டதால், தீர்மானம் பதினோரு வருஷம் நோட்டுக்குள்ளேயே கிடந்தது.

இடிப்பதைப் பார்க்க வந்திருந்தவர்களில் முன்னால் நின்றவர் ஜீவரத்தினம் சார். எண்பத்து மூன்று வயது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சபைக் கமிட்டிக்கு முப்பத்தொரு வருஷம் செயலர், அந்த ஊரில் இறந்த எவருக்கும் ஜீவிய சரித்திரம் எழுதி ஆலயத்தில் வாசிக்கும் உரிமையை யாரும் கொடுக்காமலே எடுத்துக்கொண்டவர்.

“சார், கோபுரம் நேராத்தான் நிக்கி,” என்றார் இசக்கிமுத்து ஏணியிலிருந்தபடி.

“இசக்கி, காலையிலேயே போட்டுட்டு வந்துட்டியா?”

“கர்த்தர் மேல ஆணையா இல்ல சார்.”

“எங்க கர்த்தரை எதுக்குய்யா இழுக்க? உங்க சாமி மேல சத்தியம் பண்ணு.”

“எங்க சாமிக்குக் கோவம் ஜாஸ்தி சார். நீங்க நம்பலைன்னா உங்கள வந்து புடிச்சிரும். அதான் உங்க சாமியச் சொன்னேன்.”

இசக்கிமுத்து இறங்கி வந்து, குண்டில் குற்றமிருக்கலாம் என்று குருவானவர் வீட்டுச் சுவரில் பிடித்துப் பார்த்தார். சுவர் கிழக்கே சாய்ந்திருந்தது. பள்ளிக்கூடச் சுவரில் பிடித்தார், அதுவும் சாய்ந்திருந்தது. தபால் ஆபீஸ், ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி, ஜீவரத்தினம் சாரின் இரண்டு மாடி வீடு என்று ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, எல்லாமே இரண்டடிக்கு ஒரு நூல் கிழக்கே சாய்ந்திருப்பதையும் (நூல் என்பது கொத்தனார் கணக்கில் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு), ஊரில் நேராக நிற்பது மேஜர் கட்டிய அந்த ஒன்றே ஒன்றுதான் என்பதையும் மத்தியானத்துக்குள் உறுதி செய்துகொண்டு, ஆட்களை அழைத்துக்கொண்டு சாப்பிடப் போனார். நேராக நிற்கிற ஒன்றை இடிக்க அவருக்குக் கை வரவில்லை.

அன்றிலிருந்து சாலேம்புரத்தில் தொங்குவதெல்லாம் கிழக்கே ஒரு நூல் சாய்ந்து தொங்கியது. ஆலயத்து விளக்குகளும், மணிக்கயிறும், பெட்டிக்கடை வாழைத்தாரும், பெண்பிள்ளைகளின் கம்மல்களும், தூங்கும் குழந்தைகளின் தூளிகளும் சாய்ந்தே தொங்கின. ஊற்றிய நீர் கிழக்கே ஓடியது. தட்டிலிட்ட ரசம் கிழக்கு விளிம்பில் போய் நின்றது. மூடி வைத்த கதவுகளில் கிழக்கு பார்த்தவை தாமாகத் திறந்துகொண்டன, மேற்கு பார்த்தவை திறந்தாலும் மூடிக்கொண்டன. ஊர் இதைப் பற்றி இரண்டு நாள் பேசியது, மூன்றாம் நாள் பழகிக்கொண்டது. தச்சர் கட்டில் கால்களுக்கும் பீரோக்களுக்கும் ஆப்பு சீவிக் கொடுத்தார். கேரம் விளையாடுகிறவர்கள் கிழக்கில் உட்காருபவருக்கு இரண்டு காய் குறைத்துக்கொள்வது என்று விதி செய்தார்கள். குளியலறைத் தண்ணீர் போகும் துளையை எல்லோரும் கிழக்கு மூலைக்கு மாற்றினார்கள். இதனால் இசக்கிமுத்துக்கு அந்த மாதம் மூச்சுவிட நேரமில்லை.

சாய்வுக்கு எல்லையும் இருந்தது. சபையின் சேகர எல்லை எங்கே முடிகிறதோ, அதாவது பஸ் நிறுத்தத்துப் புளியமரத்தில், அதுவும் முடிந்தது. திருச்செந்தூர் பஸ் வந்து நிற்கும்போது கண்ணாடிக்கு முன்னால் கட்டியிருக்கும் எலுமிச்சம்பழம் புளியமரத்தைத் தாண்டியதும் மெல்லக் கிழக்கே நகர்வதைப் பார்த்து, “சாலேம்புரம் எல்லாம் எறங்குங்க,” என்று நடத்துநர் வெளியே பார்க்காமலே குரல் கொடுக்கப் பழகினார். ஒரு நாள் அரசாங்கத்திலிருந்து ஒருவர் முக்காலியில் வைத்த கருவியோடு வந்து, புளியமரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தடவையும் அந்தப் பக்கம் ஒரு தடவையும் பார்த்து, “கருவிக் கோளாறு” என்று எழுதிக்கொண்டு, மோர் குடித்துவிட்டுப் போனார்.

ஏன் இப்படி என்று கேட்டவர்களுக்கு ஊரில் பதில் தயாராக இருந்தது. மேஜர் பரிசுத்தவான். உயிரோடிருக்கும்போது அவரைப் பார்த்துச் சிரித்தோம், இப்போது கர்த்தர் அவர் கோபுரத்தை நேர் என்று சொல்லி நம்மையெல்லாம் கோணல் ஆக்கிவிட்டார். இரண்டாம் வாரத்தில் அவர் கல்லறையில் மெழுகுவர்த்தி எரிந்தது. மூன்றாம் வாரத்தில் வெளியூரிலிருந்து வேன்கள் வந்தன. குழந்தையில்லாத ஒரு பெண் கல்லறையில் தூக்குக்குண்டு ஒன்றைக் கட்டிவிட்டுப் போனதிலிருந்து, அங்கே குண்டுகள் கொத்துக்கொத்தாகத் தொங்க ஆரம்பித்தன. இளைஞரான குருவானவர் ஆல்வின் தலையில் கைவைத்துக்கொண்டார். நூற்றைம்பது வருஷமாகப் புனிதர்களே இல்லாமல் ஒழுங்காக நடந்துவந்த சபை அது.

கமிட்டி கூடி, கோபுரம் நேராகிவிட்டபடியால் இடிப்புத் தீர்மானத்தை ரத்து செய்தது. முப்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்ததால் அன்றைய ஆராதனையிலேயே மேஜரின் முழு ஜீவிய சரித்திரத்தை ஜீவரத்தினம் சார் வாசிப்பார் என்றும் அறிவித்தது.

ஜீவரத்தினம் இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு ஜீவிய சரித்திரங்கள் எழுதியிருந்தார். எல்லாவற்றிலும் “சாந்தமும் தாழ்மையும் உள்ளவர்” என்ற வரி இருந்தது. சொந்தத் தம்பியை அரிவாளோடு மூன்று தெரு துரத்தியவருக்கும் அது இருந்தது. மேஜருக்கு எழுதுவதில் அவருக்குச் சிரமம் இருந்திருக்கக் கூடாது. கிண்டியில் பொறியியல் படித்தவர், ராணுவத்தின் பொறியாளர் பிரிவில் சேர்ந்தவர், மூன்று போர்களைப் பார்த்தவர், எழுபத்தொன்றில் கிழக்கே ஓர் ஆற்றின் மேல் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே பதினோரு மணி நேரத்தில் இரும்புப் பாலம் போட்டவர், அதில் ஒரு முழங்காலைக் கொடுத்தவர், ஊருக்குத் திரும்பியபின் நாற்பத்து நான்கு வருஷம் ஒரு ஞாயிறு தவறாமல் வலது பக்கம் மூன்றாம் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தவர், பிரசங்கம் இருபது நிமிஷத்தைத் தாண்டினால் மூக்குக் கண்ணாடிக் கூட்டை டப்பென்று மூடி அதைக் குருவானவருக்குத் தெரியப்படுத்தியவர். ஐந்து குருவானவர்கள் அந்த டப்புக்கு ஆமென் சொல்லியிருக்கிறார்கள்.

சிரமம் கோபுரத்தில் இருந்தது. “தேவசித்தத்தின் கோபுரம் தாழ்மையாகத் தலைசாய்த்து நிற்கிறது” என்ற ஊர்ச் சிரிப்பை ஒரு அசன விருந்துப் பந்தியில் முதலில் சொன்னவர் ஜீவரத்தினம்தான். நாலரை அங்குலம் ஏன் வந்தது என்பது உயிரோடிருப்பவர்களில் இரண்டே பேருக்குத் தெரியும் என்றும், அவர்களில் தாம் ஒருவர் என்றும் அவருக்குத் தெரியும். மற்றவர் மேஜரின் மனைவி சலோமி அம்மாள். இருபத்தைந்தாம் நாள் அந்த அம்மாளே ஆளனுப்பி அவரைக் கூப்பிட்டார்.

மேஜர் வீட்டில் எந்த ஆப்பும் வைக்கப்படவில்லை. சலோமி அம்மாள், எண்பத்தெட்டு வயது, கிழக்கே சாய்ந்த நாற்காலியில் மேற்கே சாய்ந்து உட்கார்ந்து கணக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“எழுதிட்டீங்களா சார்?”

“எழுதிக்கிட்டு இருக்கேன் அக்கா. கோபுரத்துகிட்ட வந்து நிக்கேன்.”

“நாப்பத்தொரு வருஷமா அங்கதான நிக்கீங்க.”

ஜீவரத்தினம் காப்பித் தம்ளரைப் பார்த்தார். காப்பி ஒரு பக்கம் உயர்ந்து நின்றது.

“கல்லறையில போய்ப் பாத்தீங்களா?” என்றார் அம்மாள். “நேத்து ஒருத்தி என் காலத் தொட்டுக் கும்பிடுதா. மேஜர் ஐயாவோட வேர்வைத் துணி இருந்தா ஒரு துண்டு குடுங்கன்னு கேக்கா. அந்த மனுசன் பனியனை நான் துவைக்கப் போட்டாலே எண்ணி வாங்குவாரு. வேர்வைத் துணியாம்! இன்னும் ஒரு மாசம் போச்சுன்னா அவங்க யாருன்னு எனக்கே அடையாளம் தெரியாமப் போயிரும் சார். அறுபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கேன். எனக்கு என் ஆளு வேணும்.”

பிறகு எழுந்து, பீரோவைத் திறந்து (அது தானாகவே பாதி திறந்திருந்தது), ஒரு தாளை எடுத்து நீட்டினார். மேஜர் அதை லேமினேட் செய்து வைத்திருந்தார். ஜீவரத்தினம் தம்முடைய கையெழுத்தை உடனே கண்டுகொண்டார்.

தீர்மானம் எண் பதினான்கு. “பேராயர் அவர்களின் திருக்கரத்தால் நாட்டப்பட்ட மூலைக்கல்லை எவ்வாற்றானும் அசைக்காமலும், அதன்மேல் எதையும் கூட்டியோ குறைத்தோ சமன்செய்யாமலும், அக்கல்லின் போக்கிலேயே கோபுரம் எழுப்பப்பட வேண்டியது.”

“அழகா எழுதியிருக்கீங்க,” என்றார் சலோமி அம்மாள். “இத வாசிங்க.”

வீட்டுக்கு வந்து அதைப் பதினோரு தடவை வாசித்த ஜீவரத்தினத்துக்கு வெட்கத்தோடு கூடவே, கோபுரத்தைப் பற்றி எழுதுவதற்கு ஏற்ப ஊரின் சாய்வும் மாறுமோ என்று ஒரு வேடிக்கையான ஆர்வமும் பிறந்தது. இசக்கிமுத்திடம் ஒரு தூக்குக்குண்டு வாங்கி மேஜைக்கு மேலே உத்தரத்தில் கட்டி, கீழே ஒரு அளவுகோலை வைத்து, ஜீவிய சரித்திரத்தின் கோபுரப் பத்தியை வெவ்வேறு விதமாக எழுதி ஒவ்வொன்றையும் குண்டுக்கு வாசித்துக் காட்டினார். “மண்ணின் தன்மையால் கோபுரம் சற்றே சாய்ந்தது” என்றார். குண்டு அசையவில்லை. “எதிர்பாராத காரணங்களால்” என்றார். அசையவில்லை. கடைசியில் உள்ளது உள்ளபடி எழுதி, கதவைச் சாத்திவிட்டு, தணிந்த குரலில் வாசித்தார். அப்போதும் அசையவில்லை. தனியாக ஒப்புக்கொள்வதைத் தூக்குக்குண்டு கணக்கில் எடுத்துக்கொள்ளாது போலும் என்று அவருக்குப் புரிந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் பெயருக்குப் பங்கமில்லை, கோபுரமும் நேராகவே நிற்கும், யாரும் இடிக்க மாட்டார்கள். பேசினால் இரண்டும் சாய்ந்துவிடலாம். மேஜருக்கு எது நன்மை என்று யோசித்தார், தமக்கு எது நன்மை என்றும் நேர்மையாக யோசித்தார். விருந்துக்கு வந்தவர்களுக்குக் கோபுரத்தைக் காட்டுகிற ஊர் இனித் தம்மையும் சேர்த்துக் காட்டும் என்பதை நினைத்தபோது, அவர் வழக்கமாகச் சாப்பிடும் நாலு இட்லியில் இரண்டு மிஞ்சியது.

முப்பதாம் நாள் ஆலயம் நிரம்பி, வேன்களில் வந்தவர்கள் வெளியே பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். சாமி வேறானாலும் சாவுக்கு வருவேன் என்று இசக்கிமுத்தும் வந்து, வாசற்படியில், தொழில்காரனுக்குரிய முறையில் கையில் குண்டோடு நின்றார். சலோமி அம்மாள் முதல் பெஞ்சில் இருந்தார். வலது பக்கம் மூன்றாம் பெஞ்சின் ஓரத்தில் யாரும் உட்காரவில்லை.

ஜீவரத்தினம் பிறப்பிலிருந்து ஆரம்பித்தார். கிண்டி வந்தது, போர்கள் வந்தன, பாலம் வந்தது, முழங்கால் போனது. கோபுரத்துக்கு வந்தபோது மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“மூலைக்கல் நாட்டிய அன்று,” என்று வாசித்தார், “அக்காலத்துச் செயலர் வரவேற்புரை ஆற்றினார். கல் என்னும் பொருள்பற்றி அவர் எகிப்து தேசத்துப் பிரமிடுகளில் தொடங்கினார். ஐம்பதாம் நிமிஷத்தில் மாமல்லபுரத்தை அடைந்தார். சாந்து விரித்தாகிவிட்டது, இறுகுகிறது, சீக்கிரம் முடியுங்கள் என்று மேஜர் மூன்று முறை சீட்டு எழுதி அனுப்பினார். செயலர் அவற்றைப் பாராட்டுச் சீட்டுகள் என்று கருதிப் பையில் போட்டுக்கொண்டார். பந்தலின் நிழல் மேற்குப் பாதியில் விழுந்தது. வெயில்பட்ட கிழக்குப் பாதிச் சாந்து காய்ந்துபோனது. பேராயர் கல்லை வைத்தபோது இரண்டடிக் கல் கிழக்கே ஒரு நூல் உயர்ந்து நின்றது. இரண்டடிக்கு ஒரு நூல் என்றால் எழுபத்திரண்டு அடிக்கு நாலரை அங்குலம். கல்லைப் பெயர்த்து வைக்க மேஜர் அனுமதி கேட்டார். பேராயர் ஜெபித்து வைத்த கல்லைத் தொடுவது அபசாரம் என்று செயலர் மறுத்தார். எழுத்தில் கொடுங்கள் என்றார் மேஜர். செயலர் எழுத்தில் கொடுத்தார். அந்தச் செயலர் நான்.”

தீர்மானத்தையும் வாசித்தார். அப்போது, பலிபீடத்துக்கு மேலே தொங்கிய பெரிய விளக்கு மெல்ல, தூக்கத்தில் புரண்டு படுப்பவரைப்போல, மேற்கே நகர்ந்தது. தூண் விளக்குகள் நகர்ந்தன. கம்மல்கள் நகர்ந்தன. எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். இசக்கிமுத்து ஒரு கண்ணை மூடிக் குண்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“பாதிதான் சார் வந்திருக்கு,” என்றார். “அர நூல் பாக்கி.”

ஜீவரத்தினம் திகைத்தார். ஜீவிய சரித்திரத் தாளின் இரு பக்கமும் பார்த்தார், ஏதேனும் வரியை விட்டுவிட்டோமா என்று. விடவில்லை. தம்மிடம் இருந்த குற்றமெல்லாம் தீர்ந்துவிட்டது என்பதில் அவருக்கு லேசான ஏமாற்றம்கூட உண்டானது.

“அவ்வளவுதான் அக்கா,” என்றார் முதல் பெஞ்சைப் பார்த்து. “எம்பேர்ல இவ்வளவுதான்.”

“உங்க பேர்ல அவ்வளவுதான்,” என்றபடி சலோமி அம்மாள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். “மீதி அவங்க பேர்ல. அதையும் சொல்லுங்க.”

“செத்தவங்களப் பத்தி அப்படி...”

“அப்ப நானே சொல்லுதேன்.” அவர் சபைப் பக்கம் திரும்பினார். “அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்தத் தீர்மானத் தாளை மேசையில போட்டுட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? ‘சலோமி, மூலைக்கல்லுக்கு மேல ரெண்டாவது வரிசையில ஒரு உளி, அரை நாள் வேலை, யாருக்கும் தெரியாம நேராக்கிருவேன். ஆனா ஆக்க மாட்டேன். கல்லுல அந்தாளு தன் பேரைப் பெரிசா வெட்டி வச்சிருக்காரு. நூறு வருஷம் அவரு பேரு கோணலா நிக்கட்டும்’னாங்க. நான் சொல்லிப் பாத்தேன். ‘ஊரு உங்களையில்லா சிரிக்கும்’னேன். ‘சிரிக்கட்டும், நான் உத்தரவுக்குக் கீழ்ப்படிஞ்ச சிப்பாய்’னாங்க. சிப்பாயாம்! வீம்பு. கோயிலுக்கு வரும்போதெல்லாம் அந்தக் கல்ல கம்பால ஒரு தட்டு தட்டுவாங்கல்லா, பக்தின்னு நெனச்சீங்களா? எங்க தட்டுவாங்கன்னு ஜீவரத்தினம் சார்கிட்ட கேளுங்க.”

எல்லோரும் ஜீவரத்தினத்தைப் பார்த்தார்கள்.

“எம்பேர்ல,” என்றார் ஜீவரத்தினம். “சரியா எம்பேருக்கு நடுவுல. ரெண்டாயிரத்துச் சொச்சம் ஞாயித்துக்கிழமை.”

முதலில் சிரித்தது யாரென்று பிறகு சர்ச்சை உண்டானது. குருவானவர் ஆல்வின்தான் என்பது பெரும்பான்மைக் கருத்து. ஆனால் சிரிப்பு பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போய், வாசலைத் தாண்டி, விஷயம் தெரியாத பந்தல்காரர்கள் வரை போனது. இருநூற்றுப் பன்னிரண்டு ஜீவிய சரித்திரங்களில் யாரும் சிரித்ததில்லை. சலோமி அம்மாளும் சிரித்தார், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார், ஏனென்றால் முப்பது நாளுக்குப் பிறகு அவருடைய ஆள் ஆலயத்துக்குள் வந்துவிட்டிருந்தார். ஜீவரத்தினம் பேனாவை எடுத்து, தாளில் “சாந்தமும் தாழ்மையும் உள்ளவர்” என்ற வரியை அடித்துவிட்டு, மேலே “வீம்புக்காரர்” என்று எழுதி, அதைத் திருத்தமாக உரக்க வாசித்தார்.

பெரிய விளக்கு மீதி அரை நூலும் நகர்ந்து நின்றது.

“நேராயிட்டு!” என்று வாசலிலிருந்து கத்திய இசக்கிமுத்து, வெளியே ஓடிப்போய் மேலே பார்த்துவிட்டு, “ஆனா கோபுரம் கோணிட்டு சார்!” என்று திரும்பக் கத்தினார்.

சிரிப்பு நின்றது. கமிட்டிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ரத்து செய்த தீர்மானத்தை மறுபடி ரத்து செய்வது எப்படி என்று அவர்கள் மனத்துக்குள் வாக்கியம் அமைப்பது தெரிந்தது. ஜீவரத்தினம் முப்பத்தொரு வருஷச் செயலர், அவருக்கு அந்த முகங்கள் தெரியும். தம் பேச்சால் ஒரு தடவை கோணலாக்கிய கோபுரத்தை இப்போது தம் பேச்சாலேயே இடிக்கவும் வைத்துவிட்டோம் என்று நினைத்தார்.

“சார்,” என்றார் சலோமி அம்மாள் உட்கார்ந்தபடியே. “அந்தத் தீர்மானத் தாளப் பின்பக்கம் திருப்புங்க.”

பதினோரு தடவை வாசித்தும் அவர் திருப்பிப் பார்த்திருக்கவில்லை. தம்முடைய வாக்கியத்திலேயே அவ்வளவு லயித்திருந்தார். பின்பக்கம் மேஜரின் சின்ன, நிமிர்ந்த எழுத்தில் மூன்று அங்குல உயரத்துக்கு வரிவரியாக எண்கள் இருந்தன; அவற்றின் கீழே, “சாய்வை உத்தேசித்து மேற்கு அஸ்திவாரத்தை மூன்றடி அகலப்படுத்தியிருக்கிறேன். நாலரை அங்குலத்துக்கு மேல் ஒரு நூலும் நகராது. இருநூறு வருஷம் நிற்கும். யார் தலையிலும் விழாது. செயலர் தலையில்கூட.”

அதையும் அவர் வாசித்தார்.

அடுத்த வாரத்தில் ஊர் ஆப்புகளைப் பிடுங்கியது, குளியலறைத் துளைகளை மறுபடி மாற்றியது, இசக்கிமுத்துக்கு மறுபடி மூச்சுவிட நேரமில்லாமல் போனது. நேரான கட்டிலில் தூக்கம் வரவில்லை என்று சிலர் ஆப்பை இரண்டு மாதம் அப்படியே வைத்திருந்தார்கள். வேன்கள் வருவது நின்றது, வீம்புக்காரரிடம் பிள்ளைவரம் கேட்பதில் யாருக்கும் நம்பிக்கை இருக்கவில்லை. கல்லறையில் கிடந்த தூக்குக்குண்டுகளை இசக்கிமுத்து பொறுக்கித் தம் ஆட்களுக்குக் கொடுத்தார். இடிப்புத் தீர்மானத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

எல்லாம் அடங்கியபின், மூலைக்கல்லில் பேராயர் பெயரும் செயலர் பெயரும் இருக்க, கட்டியவர் பெயர் மட்டும் இல்லாதிருப்பதைக் கமிட்டி கவனித்தது. வெட்டுவதற்கு இசக்கிமுத்து வந்த காலையில், ஜீவரத்தினமும் சலோமி அம்மாள் கொடுத்த மேஜரின் கைத்தடியோடு வந்து நின்றார்.

இசக்கிமுத்து ரசமட்டத்தைக் கல்லின்மேல் வைத்தார். குமிழி ஒரு நூல் ஓரம் போனது. கையிலிருந்த சாக்கட்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

“சார், ஐயா பேரை மட்டத்துக்கு நேரா வெட்டவா, இல்ல உங்க பேரு மாதிரி கல்லோட போக்குலயே வெட்டவா?”

ஜீவரத்தினம் யோசித்தார். நேராக வெட்டினால் அந்தக் கல்லில் மேஜர் பெயர் ஒன்றுதான் கோணலாகத் தெரியும். கல்லோடு வெட்டினால் இருவர் பெயரும் ஒன்றாகச் சாய்ந்து, ஒன்றுக்கொன்று நேராக இருக்கும். கைத்தடியால் தம் பெயரின் நடுவில் ஒரு தட்டு தட்டினார். அங்கே கல் லேசாகக் குழிந்திருந்தது.

“கல்லோட போக்குலயே வெட்டு,” என்றார். “எம்பேருக்குப் பக்கத்துல.”

இசக்கிமுத்து உளியை எடுக்கவில்லை.

“நாளைக்கு எவனாவது இந்த மேஸ்திரிக்கு மட்டம் பாக்கத் தெரியலன்னு சொல்லுவான் சார்,” என்றார். “எழுத்துல குடுங்க.”

ஜீவரத்தினம் கைத்தடியைக் கோபுரத்தில் சாத்தி வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.